அமாவாசைதோறும் ஒரு பரீட்சை

கிருஷ்ணம்மாள் நல்லவள். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், பிறகு சொல்ல இடம் கிடைக்காது. தெருவில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாகச் சோறு பொங்கிக் கொண்டுபோகிறவள். மங்கிய வெளிச்சத்திலும் அறுந்த பட்டு இழையைத் தேடிப் பிடித்து முடிந்துவிடுகிறவள். முள்ளிப்பட்டில் பிறந்து, ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தி, 1989-ல் கந்தசாமிக்கு வாழ்க்கைப்பட்டு ஆரணிக்கு வந்தவள். அவளிடம் ஒரே ஒரு கோளாறு உண்டு. அடுத்தவளுக்கு ஒன்று கிடைத்துவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. அந்த அடுத்தவள் எங்கேயோ வடக்குத் தெருவில் இருந்திருந்தால் தொலையட்டும் என்று விட்டிருக்கலாம். ஒரே வீட்டில், ஒரே அடுப்படியில் இருந்தாள்.

அவள் பெயர் சுபலட்சுமி. கொழுந்தன் சந்திரமோகனின் மனைவி. 94-ல் சேத்துப்பட்டிலிருந்து வந்தாள், பத்தாவது பாஸ் பண்ணியவள். ஓரகத்தியைப் பார்த்த முதல் நாளே கிருஷ்ணம்மாள் கணக்குப் போட்டு முடித்துவிட்டாள்: நிறம் தன்னைவிட ஒரு படி கூட, கூந்தல் ஒரு சாண் கூட, இங்கிலீஷ் எழுத்து வேறு படிப்பாள். அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டாள். ஆனால் ஏழு வருஷம் கோயில் கோயிலாகச் சுற்றி, பார்க்காத வைத்தியம் பார்த்து, 96-ல் ஒரு வழியாக நாள் தள்ளிப்போனபோது, அந்தச் சந்தோஷத்தை ஒரு மாதம்கூடத் தனியாக அனுபவிக்க விதியில்லை. சுபலட்சுமிக்கும் தள்ளிப்போய்விட்டது. ஐப்பசியில் அவளுக்கு ஆண் பிள்ளை, தீனா. பதினோரு நாள் கழித்து கிருஷ்ணம்மாளுக்குப் பெண், காவ்யா. ஏழு வருஷம் காத்திருந்தவள் பின்னால், நேற்று வந்தவள் முன்னால். அந்தப் பதினோரு நாளை கிருஷ்ணம்மாள் மன்னிக்கவே இல்லை.

வீட்டின் பின்பாதி முழுவதும் தறிக்கூடம். நான்கு பவர்லூம். காலை ஆறு மணிக்குப் போட்டால் இரவு எட்டு வரை ஓடும், அது வரைக்கும் அந்த வீட்டில் வாய்க்கு வேலை கிடையாது. சாப்பிட வா என்றால் கையைக் குவித்து வாய்க்குக் கொண்டு போவார்கள். கூப்பிட வேண்டுமென்றால் பின்னால் வந்து தோளைத் தொடுவார்கள். வலது தோளில் தட்டினால் வலப்பக்கத் தறியைப் பார் என்று அர்த்தம், இடது தோள் என்றால் இடப்பக்கம். வந்த விருந்தாளிகள் நம்மோடு பேசுவதில்லையே என்று கோபித்துக்கொண்டு போனதும் உண்டு. கைத்தறி இருந்த காலத்தில் காலை இறக்கி மிதித்த குழியை இரண்டு பலகை போட்டு மூடியிருந்தார்கள். தறி ஓடும்போது அந்தப் பலகை அதிரும். தவழ ஆரம்பித்ததிலிருந்து காவ்யாவுக்கு அந்தப் பலகைதான் சிம்மாசனம்.

அமாவாசையன்று மட்டும் தறி ஓடாது. நெசவுக்காரர்கள் யாரும் அன்று தறியில் உட்கார மாட்டார்கள். அதனால்தான் ரேணுகாதேவி அமாவாசையாகப் பார்த்து வந்தாள். சென்னையில் ஆராய்ச்சி செய்கிற பெண், கல்யாணம் ஆகாதவள். பிள்ளைகளுக்கு ஒரு வயதிலிருந்து மூன்றரை வயதுவரை புத்தியும் பேச்சும் நடத்தையும் எந்த வயதில் எப்படி முளைக்கிறது என்று எழுத வேண்டுமாம். ஆரணியைச் சுற்றி நாற்பது பிள்ளைகளைப் பொறுக்கியிருந்தாள். ஒரே கூரைக்குக் கீழே, ஒரே சத்தத்துக்கு நடுவே, பதினோரு நாள் வித்தியாசத்தில் இரண்டு பிள்ளைகள் என்றதும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒரு நீலப் பெட்டியோடு வந்து இறங்குவாள். தெருவில் அவளுக்கு அமாவாசை டீச்சர் என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

1997 கார்த்திகை அமாவாசையில் முதல் பரீட்சை. பிள்ளையைத் தாய் மடியில் முன்னால் பார்த்து உட்காரவைத்து, எதிரே ஒரு மரவாத்தைக் காட்டி, சட்டென்று அதைத் துணியால் மூடிவிடுவாள். கண்ணில் படாததும் இன்னும் இருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரிகிறதா என்று பார்க்கவாம். தீனா துணியைப் பார்த்தான், டீச்சரைப் பார்த்தான், ஓவென்று அழுதான். காவ்யா கையை நீட்டித் துணியை உருவி வாத்தை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். கிருஷ்ணம்மாளுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துபோயிற்று. அன்று சாயங்காலம் ஒரு விசேஷமும் இல்லாமல் பாயசம் வைத்து, முதல் தம்ளரை சுபலட்சுமிக்கே கொடுத்தாள்.

அடுத்தது மாசியில். டீச்சர் பின்பக்கமாக வந்து, பிள்ளையின் காதுக்குச் சற்றுத் தள்ளிக் கிலுகிலுப்பையை ஆட்டினாள். இந்தத் தடவை தீனா இரண்டு பக்கமும் டக் டக்கென்று திரும்பினான். சுபலட்சுமி மகன் உச்சியில் முத்தம் வைத்தாள். அந்த முத்தம் கிருஷ்ணம்மாளின் நெஞ்சில் சுருக்கென்று தைத்தது. அவள் முறை வந்தது. வலப்பக்கம் கிலுகிலுப்பை ஆடியது. காவ்யா எதிரே இருந்த சுவரில் பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு தடவை ஆடியது. கிருஷ்ணம்மாளின் வலது தொடை தானாக ஒரு எம்பு எம்பியது. காவ்யா வலது பக்கம் திரும்பினாள். இடது பக்கமும் அப்படியே. டீச்சர் நோட்டில் டிக் போட்டாள்.

தானாக எம்பியது என்றுதான் கிருஷ்ணம்மாள் அன்றைக்கு நினைத்துக்கொண்டாள். வைகாசியில் வேண்டுமென்றேதான் செய்தாள்.

வைகாசியில் ஆறு தடவை, இரண்டிரண்டு சாமான்களாகப் பாயில் வலமும் இடமுமாக வைத்து, பந்தைக் கொடு, கரண்டியைக் கொடு என்று கேட்டாள் டீச்சர். தீனாவை முதலில் உட்கார வைக்கச் சொன்னதே கிருஷ்ணம்மாள்தான். அவன் பதினோரு நாள் மூத்தவனாயிற்றே, அவனுக்கு விட்டுக்கொடுக்கிறேன் என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு, எந்தச் சாமானை எந்த வரிசையில் கேட்கிறாள் என்று ஒன்று விடாமல் மனதில் ஏற்றிக்கொண்டாள். நூறு இழை ஓடும்போது எது அறுந்தது என்று சொல்கிறவளுக்கு ஆறு சாமான் எம்மாத்திரம். பிறகு காவ்யாவை மடியில் வைத்துக்கொண்டு, புடவைத் தலைப்புக்குள் கையை விட்டு, வலது இடுப்பில் ஒரு தட்டு, இடது இடுப்பில் ஒரு தட்டு. தோளைத் தட்டினால் அந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பது அந்த வீட்டில் பிறந்த பிள்ளைக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆறுக்கு ஆறு. தீனா நான்கோடு நின்றுபோனான்.

இப்படி எதற்குச் செய்தாள் என்று கேட்டால், பிள்ளை கொஞ்சம் மந்தமோ என்ற பயம் ஒரு பக்கம். ஆனால் அந்தப் பயத்தைவிடப் பெரியது, அது சுபலட்சுமிக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம். பிள்ளைக்குக் காது கேட்காமல் இருக்கலாம் என்று அவள் புத்தியில் உதிக்கவே இல்லை. உதிக்கிற வீடா அது? தறி ஓடும்போது எல்லோருமே செவிடர்கள்தான். சைகை காட்டினால் காவ்யா எல்லோருக்கும் முன்னால் வந்து நிற்பாள். பார்வை கத்தி மாதிரி. பேச்சு வரவில்லை, அவ்வளவுதான், அதுவும் வந்துவிடும் என்று இருந்தாள்.

98 கார்த்திகைக்குள் தீனா வாய் திறந்துவிட்டான். பால் தா, தறி ஓது, அம்மா வா என்று இரண்டிரண்டு வார்த்தையாகக் கோத்துப் பேசினான். டீச்சர் அதையெல்லாம் விழுந்து விழுந்து எழுதினாள். அடுப்படியிலிருந்து அதைக் கேட்கக் கேட்கக் கிருஷ்ணம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காவ்யாவிடமிருந்து ம்ம், ஆ தவிர ஒன்றும் இல்லை. கந்தசாமி கவலைப்பட்டு, வேலூரில் பெரிய டாக்டரிடம் காட்டிவிடலாம் என்று நாள்கூடப் பார்த்துவிட்டான். அன்றைய பரீட்சையிலும் காவ்யா சொன்னதையெல்லாம் எடுத்துக் கொடுத்தாள், எல்லாம் இடுப்புத் தட்டில்தான். டீச்சர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இந்தக் குழந்தைக்குப் புரிந்துகொள்கிற சக்தி வயதுக்கு மீறி இருக்கிறது, இத்தனை சத்தத்தில் வளர்கிற பிள்ளைக்குப் பேச்சு தாமதமாக வருவது சகஜம், பயப்படத் தேவையில்லை என்றாள். கந்தசாமி வேலூர்ப் பயணத்தைக் கைவிட்டான். வயதுக்கு மீறி என்ற அந்த வார்த்தையைக் கிருஷ்ணம்மாள் ஒரு மாதம் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அடுத்த வருஷம் ஒரு நாள், கரண்ட் போயிருந்த நேரம். குக்கர் விசில் அடித்தது. சுபலட்சுமி தயங்கித் தயங்கி வந்து நின்றாள்.

"அக்கா, தப்பா நெனச்சுக்காத. காவ்யாவுக்குக் காது சரியா கேக்குதா? விசில் அடிச்சாகூடத் திரும்பிப் பாக்க மாட்டேங்குது."

கிருஷ்ணம்மாள் உள்ளே போய் ஏழு மிளகாயும் ஒரு பிடி உப்பும் எடுத்து வந்தாள். சுபலட்சுமியை அங்கேயே நிற்கவைத்துக்கொண்டு, அவள் கண்ணெதிரிலேயே காவ்யாவுக்கு மூன்று சுற்றுச் சுற்றி அடுப்பில் போட்டாள். மிளகாய் வெடித்தது.

"நெடியே வரல பாத்தியா," என்றாள். "அம்மாம் பெரிய கண்ணு பட்டுருக்குது எம் பொண்ணு மேல."

சுபலட்சுமியின் முகம் சுருங்கிப்போயிற்று. அதற்குப் பிறகு காவ்யாவைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. தான் எரிகிற மாதிரியே அடுத்தவளும் எரிகிறாள் என்று கிருஷ்ணம்மாள் நம்பினாள். ஜெயித்துவிட்டதாகவும் நினைத்துக்கொண்டாள்.

2000 மாசி அமாவாசை. டீச்சருக்கு அதுதான் கடைசி வருகை. பிள்ளைகள் பெரியவர்கள் ஆகிவிட்டார்கள், இனி மடி வேண்டாம், தனியாகப் பாயில் உட்காரட்டும், அம்மாக்கள் அடுப்படி வாசலில் இருங்கள் என்றாள். கிருஷ்ணம்மாள் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றாள், தூக்கக் கலக்கம் என்றாள். எதுவும் எடுபடவில்லை. தீனா உட்கார்ந்து, படத்தைப் பார்த்துக் கதையே சொன்னான். நாய் ஏன் ஓடுகிறது என்று கேட்டால் காரணம் சொன்னான். சுபலட்சுமி மகனைப் பார்க்காமல் காவ்யாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கர்வப்பட்டிருந்தால்கூடத் தேவலை, கிருஷ்ணம்மாள் திட்டவாவது முடிந்திருக்கும்.

காவ்யா கூடத்தின் கோடியில், நின்றுபோன தறிகளுக்கு நடுவே, முதுகைக் காட்டிக்கொண்டு பலகைமேல் உட்கார்ந்து கழிவு நூலைப் பின்னிக்கொண்டிருந்தாள். டீச்சர், காவ்யா வாம்மா என்று கூப்பிட்டாள். இரண்டாம் தடவை உரக்கக் கூப்பிட்டாள். நானே தூக்கியாறேன் என்று கிருஷ்ணம்மாள் அவசர அவசரமாக எழுந்தாள். அதற்குள் தீனா குறுக்கே வந்தான், பெரியம்மாவுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லிக்கொடுக்கிற தோரணையில்.

"கூப்ட்டா வராது பெரிம்மா. பலகைய மிதிக்கணும்."

ஓடிப்போய்ப் பலகையின் இந்தக் கோடியில் தொம்மென்று ஒரு மிதி மிதித்தான். காவ்யா திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

டீச்சர் போய்ப் பிள்ளைக்குப் பின்னால் நின்று கிலுகிலுப்பையை ஆட்டினாள், கை தட்டினாள், ஒரு சில்வர் தட்டைச் சிமெண்டுத் தரையில் போட்டாள். தெருக்கோடி வரை கேட்டிருக்கும். காவ்யா நூலைப் பின்னிக்கொண்டிருந்தாள். மூன்றரை வயதுப் பையன் தானாகக் கண்டுபிடித்து, தினம் தினம் செய்துகொண்டிருந்ததை, பெற்றவள் அறியாமல் இருந்திருக்கிறாள். சுபலட்சுமியின் மகனுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. பிள்ளைக்குக் காது இல்லை என்ற இடிக்கு முன்னால், பாழாய்ப்போன அந்த எண்ணம்தான் கிருஷ்ணம்மாளுக்கு முதலில் வந்தது.

டீச்சர் பழைய நோட்டுகளைப் புரட்டினாள். ஒன்றே கால் வயதில் இரண்டு காதும் கேட்டிருக்கிறது, இரண்டு வயதில் சொன்னதெல்லாம் புரிந்திருக்கிறது, ஆக அதற்குப் பிறகுதான் போயிருக்க வேண்டும். போன ஐப்பசியில் பிள்ளைக்கு வந்த காய்ச்சலோ என்னவோ. எப்போது போனது என்பது டாக்டருக்கு முக்கியம், அதை வைத்துத்தான் என்ன செய்வது என்று பார்ப்பார்கள், அப்படியே எழுதித் தருகிறேன், நாளைக்கே வேலூர் போங்கள் என்று சொல்லிக்கொண்டே பேனாவைத் திறந்தாள்.

கிருஷ்ணம்மாள் அந்தப் பேனாவைப் பார்த்தாள். வாசலில் சுபலட்சுமியைப் பார்த்தாள். வாயைத் திறந்தால் இத்தனை வருஷத்து மானம் போகும். வைத்த பாயசம், ஆறுக்கு ஆறு, வயதுக்கு மீறிய புத்தி எல்லாம் போகும். அதுவும் யார் முன்னால். திறக்காவிட்டால் பொய்க் காகிதத்தோடு பிள்ளை டாக்டரிடம் போகும். சந்திரமோகன் எதற்கோ கூடத்துக்குள் வந்து, எல்லோர் முகத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான். டீச்சர் ஒரு வரி எழுதி முடித்திருந்தாள்.

"எழுதாதீங்க டீச்சர்," என்றாள் கிருஷ்ணம்மாள். "அதுக்கு எப்பவுமே கேக்கல. நான்தான் தொடைய ஆட்டிகினு இருந்தேன். இடுப்புல தட்டி எடுக்க வெச்சதும் நான்தான். மொதல்லேர்ந்தே."

டீச்சர் எழுதிய வரியை அடித்தாள். பிறகு, மடியில் உட்காரவைத்தது நான்தானே, உங்கள் கையை நான் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லையே என்று தன்னைத்தானே நொந்துகொண்டாள். காவ்யாவின் பக்கங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் குறுக்கே கோடு போட்டாள். மூடிய துணிக்கடியில் வாத்தைக் கண்டெடுத்த பக்கத்தை மட்டும் விட்டுவைத்தாள். அது பிள்ளையே செய்தது. தீனாவின் பக்கங்களுக்கு என்ன ஆகும் என்று கிருஷ்ணம்மாள் கேட்டாள். அது அப்படியே இருக்கும் என்றாள் டீச்சர். அந்த நேரத்திலும் கிருஷ்ணம்மாளுக்கு வயிறு எரிந்தது.

டீச்சர் போன பிறகு சுபலட்சுமி அடுப்படியில் வந்து நின்றாள்.

"நீ தட்டுனத நான் பாத்தேங்க்கா. ரெண்டு தபா பாத்தேன்."

"பாத்துட்டு வாய மூடிகினு இருந்தியா?"

"மொளகா சுத்தி எம் மூஞ்சிக்கு நேரா போட்டியே. அப்பறம் நான் இன்னான்னு சொல்றது?"

கிருஷ்ணம்மாளுக்கு அவளை அறைய வேண்டும் போலிருந்தது. எந்தக் கையால் அறைவது என்றும் தெரியவில்லை. மறுநாள் விடிந்ததும் வேலூர் பஸ்ஸில் கந்தசாமி முன்சீட்டில் போய்த் தனியாக உட்கார்ந்துகொண்டான். ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. கட்டுச்சோற்று மூட்டையோடு பக்கத்தில் உட்கார்ந்து வந்தவள் சுபலட்சுமிதான். வராதே என்று சொல்ல கிருஷ்ணம்மாளுக்கு வாய் இல்லை.

பிறவியிலேயே காது பெரும்பகுதி கேட்கவில்லை என்றார் டாக்டர். பேச்சு முளைக்கிற வயதில் ஒவ்வொரு மாதமும் பொன் மாதிரி, இரண்டு வயதில் கொண்டுவந்திருந்தால் எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும் என்றார். இரண்டு வயதில்தான் கந்தசாமி நாள் பார்த்திருந்தான். அதை அவன் சொல்லிக் காட்டவில்லை, கிருஷ்ணம்மாளுக்கே கேட்டது. நெஞ்சில் தொங்கவிடுகிற ஒரு சின்னப் பெட்டியும் காதுக்கு இரண்டு ஒயரும் கொடுத்தார்கள். தினமும் ஒரு மணி நேரம், வேறு சத்தமே இல்லாத இடத்தில், பேரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்க வேண்டும் என்றார்கள். சத்தம் இல்லாத இடத்துக்கு அந்த வீட்டில் எங்கே போவது? ஒரு வாரம் கழித்து மத்தியானம் மூன்று மணிக்கு நான்கு தறியும் நின்றன. சுபலட்சுமி புருஷனிடம் பேசி அவர்கள் பங்கு இரண்டு தறியையும் நிறுத்தவைத்திருந்தாள். தினம் ஒரு மணி நேரத்து நெசவு. அவளிடமிருந்து அடித்துப் பிடுங்கியிருந்தால்கூடச் சமாளித்திருப்பாள், இப்படிக் கொடுத்ததை வாங்கிக்கொள்வது கிருஷ்ணம்மாளுக்கு வேப்பங்காயாகக் கசந்தது.

தினமும் மூன்றிலிருந்து நான்கு வரை அவள் மகளுக்குப் பின்னால் உட்கார்ந்து கூப்பிட்டாள். காவ்யா, காவ்யா, காவ்யா. பிள்ளை ஒயரைப் பிடுங்கிப் போடும். அவள் மாட்டிவிடுவாள். தொடை எம்பவில்லை, கை இடுப்புக்குப் போகவில்லை. கையைத் தன் முட்டிக்குக் கீழே வைத்து அழுத்திக்கொள்வாள். சித்திரை போயிற்று, ஆடி போயிற்று. தீபாவளிக்குத் தொண்டை கட்டி, கஷாயம் குடித்துக்கொண்டே கூப்பிட்டாள். காவ்யா ஒரு நாளும் திரும்பவில்லை.

2001 தை. மூன்றரை மணி இருக்கும். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த தீனா, பையைக்கூடக் கழற்றாமல், நடையிலிருந்தே கத்தினான்.

"காவ்யா!"

காவ்யா திரும்பினாள். பலகை அதிரவில்லை, யாரும் தொடவில்லை. நூலைக் கீழே போட்டுவிட்டு, சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள், இது என்ன என்பதுபோல ஒயரைத் தொட்டுப் பார்த்தாள்.

பத்து மாதம் தொண்டை கிழிந்தவள் பக்கத்தில் இருக்க, பிள்ளை திரும்பியது அவனுக்கு. கிருஷ்ணம்மாளுக்கு அடிவயிற்றிலிருந்து அந்தப் பழைய நெருப்பு குபுகுபுவென்று ஏறி வந்தது. அடுப்படி வாசலில் சுபலட்சுமி வந்து நின்றதையும் அவள் பார்த்தாள். இரண்டு பேருக்குமே கண் கலங்கியிருந்தது. தீனா ஏதோ தப்புச் செய்துவிட்டோமென்று பயந்து, பெரியம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கிருஷ்ணம்மாள் தன் கையை இன்னும் முட்டிக்கடியிலேயே வைத்திருந்தாள்.

"அங்கியே நில்லுடா," என்றாள். "இன்னொரு தபா கூப்புடு."